வளர்மதி நகர் முக்குக் கண்ணாடி

கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியவர்களுக்கு என் மேல் எந்த விரோதமும் கிடையாது. எனக்கும் அவர்கள் மேல் கிடையாது. எரிச்சல் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் நகரில் பாதிப் பேர் இன்னும் என்னைச் செத்தவர் முகத்தில் கத்தரி வைத்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வைத்தேன்தான். ஏன் வைத்தேன் என்று கேட்க ஆள் இல்லை.

வளர்மதி நகர் அரியலூர் டவுனின் ஓரத்தில் இருக்கிறது. நாலு குறுக்குத் தெரு, நூற்றுப் பத்து வீடு, வெளியே போக ஒரே ஒரு வழி. அந்த வழி மெயின் ரோட்டில் போய் முட்டுகிற முக்கில், வலது பக்கம் கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டு சுவர் எட்டடி உயரத்துக்கு நிற்கிறது. வண்டியின் மூக்கை ரோட்டுக்குள் நீட்டினால்தான் அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியும். வருவது சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. மூக்கை நீட்டிய பிறகு லாரியைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

அதனால்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், எங்கள் தெருவைப் பார்த்த மாதிரி, கம்பத்தில் ஒரு கண்ணாடி வைத்தோம். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டம், நடுவில் உப்பல். தெரு முனையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் அதில் தெரியும். அந்தக் கண்ணாடிக்கு ஒன்பது மனு, பதினான்கு மாதம். எந்த ஆபீசுக்கு என்று சொல்லப் போவதில்லை, நாளைக்கும் எனக்கு அங்கே வேலை இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஊர் மனுவெல்லாம் நான்தான் டைப் அடிக்கிறேன். அந்த ஒரே தகுதிக்காக, யாரும் கை தூக்காத கூட்டத்தில் என்னை நகர் நலச்சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கரண்ட் எப்போது போகும், தண்ணி எப்போது வரும், எந்தத் தெருவில் நாய் கடிக்கிறது என்று தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என் வேலை.

கண்ணாடி வரும்வரை அந்தப் பதினான்கு மாதமும் முக்கைப் பார்த்துக்கொண்டவர் இளையபெருமாள் பெரியப்பா. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெரியப்பா இல்லை, பக்கத்துத் தெரு. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை பழைய கண்டக்டர் விசிலோடு முக்கில் நிற்பார். லாரி வந்தால் ஒரு விசில், போகலாம் என்றால் இரண்டு. ஸ்கூல் வேன், சைக்கிள், காய்கறி வண்டி எல்லாம் அவர் விசிலுக்குத்தான் நகரும். கண்ணாடி மாட்டிய அன்று கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ரெண்டாவது ரிட்டயர்மெண்ட் ஆர்டரும் வந்துட்டுதும்மா" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரரை மட்டும் அவர் விசிலால் அனுப்பியதில்லை. கையால்தான் அனுப்புவார். உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே காட்டி நிறுத்துவார், ரோடு காலியானதும் கையை வீசுவார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வூட்டுக்காரருக்கு விசில் ஆவாது, கைதான்னு எனக்குத் தெரியும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பெயர் நல்லதம்பி. ஒரு சிமெண்ட் ஆலையில் இருபத்திரண்டு வருடம் கல் உடைக்கிற கிரஷரில் நின்றவர். இப்போது லாரிகள் வந்து போகிற யார்டில் சூப்பர்வைசர், அதுவும் காண்டிராக்ட். கிரஷர் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் டிவி சத்தம் கூடியது, அப்புறம் என் சத்தம் கூடியது. இப்போது முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்து பேசினால்தான் அவருக்குப் புரியும். ஆலையில் வருடா வருடம் காது டெஸ்ட் இருக்கிறது. பீப் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். இவர் டெஸ்ட் எடுப்பவர் எப்போது பட்டனை அழுத்துகிறார் என்று கையைப் பார்த்து விரலைத் தூக்கிவிட்டு வந்துவிடுவார். இந்தச் சாமர்த்தியத்தை நல்ல காரியத்தில் காட்டியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

மிஷின் மாட்டிக்கொள்ளுங்கள் என்று மூன்று வருடமாகக் கெஞ்சுகிறேன். திருச்சியில் காது டாக்டரிடம் மூன்று தடவை டோக்கன் போட்டேன். மூன்று தடவையும் அன்றைக்குக் காலையில் அவருக்கு வயிற்றுவலி. "காதுல மிஷினோட போயி நின்னா யார்டுல விடுவானா? செவிடனுக்கு யார்டு எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்லுவன்?" என்பார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் சொல்லவில்லை. மனுவில் 'பொதுமக்கள் நலன் கருதி' என்றுதான் ஒன்பது தடவையும் டைப் அடித்தேன். கண்ணாடி யாருக்காக என்பது எனக்கும் பெரியப்பாவுக்கும்தான் தெரியும்.

பெரியப்பா போன மாதம் ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, காபி குடித்துவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நானும் போய் விழுந்து அழுதுவிட்டு வந்தேன். சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். அதற்குள் முக்கில் பேனர் ஏறியிருந்தது.

எங்கே என்று கேட்கிறீர்களா? கண்ணாடிக் கம்பத்தில்தான். நகரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொருவரும் நிமிர்ந்து பார்க்கும் இடம் அது ஒன்றுதான், அங்கே கட்டாமல் வேறு எங்கே கட்டுவார்கள்? பத்தடி உயரத்துக்குச் சவுக்குச் சட்டம் அடித்து, கண்ணாடிக் கம்பத்தை நடுவில் வைத்துக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் பூமாலைக்குள் பெரியப்பா முகம், சரியாகக் கண்ணாடியை மூடிக்கொண்டு. அதன் கீழே தோற்றம், மறைவு, பதினாறாம் நாள் காரியம் நடக்கும் தேதி. அடியில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வருந்துகிற நண்பர்கள் இருபத்து நாலு பேர். அதில் பெரியப்பாவை உயிரோடு இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நாலு பேர் தேறினால் அதிகம்.

திங்கட்கிழமை காலையில் பேனரைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். 'கண்ணாடியை மறைக்கிறது. விபத்து நடக்கும் முன் இடம் மாற்றிக் கட்டவும்' என்று கீழே தெளிவாக எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வரத் தொடங்கியது. ஆழ்ந்த இரங்கல்கள். ஓம் சாந்தி. கும்பிடுகிற கை. அழுகிற முகம். ஐயாவின் ஆன்மா இறைவனடி சேரட்டும். மொத்தம் அறுபத்து மூன்று பேர். படத்தைப் பார்த்த கை அதுவாக இரங்கல் அடித்துவிடுகிறது, எழுத்தைப் படிக்கக் கண்ணுக்கு நேரமில்லை. மறுபடி எழுத்தை மட்டும் தனியாகப் போட்டேன். அதற்கும் நாலு பேர் ஓம் சாந்தி போட்டார்கள். போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது.

புதன்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கிளம்பியபின் கீரை வாங்கப் போனேன். முக்கு வேப்பமரத்தடியில் பஞ்சவர்ணம் கீரை விற்கிறாள், திருமானூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குபவள். என்னைப் பார்த்ததும் முடிந்திருந்த கீரைக்கட்டை அப்படியே கீழே போட்டாள்.

"யம்மா தங்கச்சி, உன் வூட்டுக்காரருக்கு என்ன, உசுரு மேல ஆச இல்லியா? அந்த லாரிக்காரன் அவ்ளோ நேரம் ஆரன் அடிச்சிக்கிட்டே வரான், இவரு பாட்டுக்கு எக்ஸெல் வண்டில முன்னாடி போறாரு. அவன் ரோட்ட வுட்டு எறக்கி ஒடிச்சிட்டுப் போனான். இவரு திரும்பிகூடப் பாக்கல!"

ஏதோ யோசனையில் போயிருப்பார் என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன். கீரையை வாங்கினேனா, அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கே ராஜராஜன் வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் ஒரே மகன். மொட்டையடித்து, வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"தம்பி, பேனர கழட்ட வேணாம். மண்டபத்துச் சுவத்துல மாத்திக் கட்டச் சொல்லு. கண்ணாடிய மறைக்குது."

"அக்கா, அது நாங்க வெச்சது இல்லக்கா. அப்பாவோட நண்பருங்க வெச்சாங்க. அவங்க ஆசையா செஞ்சத நான் எப்பிடிக்கா எடுக்கச் சொல்றது?"

நண்பர்கள் என்றால் சரத்குமார்தான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே ஆலையில் ஆபீசில் இருக்கிறான். நகரில் காதுகுத்து, கல்யாணம், சாவு எது நடந்தாலும் பேனருக்கு ஆர்டர் கொடுப்பவன் அவன்தான், எந்தப் பேனரிலும் முதல் கூலிங் கிளாஸும் அவன்தான். அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, நண்பருங்க நாங்க செஞ்சதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா குடும்பத்துல ஒரு வார்த்த சொல்லாம எடுத்தா அவங்க மனசு என்ன பாடு படும்? ராஜராஜன் சொல்லட்டும், அடுத்த நிமிசம் எடுத்துடறன்."

"ராஜராஜன் நீ சொல்லணுங்கறான்."

"பாத்தீங்களா? அவருக்கே எடுக்க மனசு வரல. காரியத்துக்கு அழைப்பே அதுதான்க்கா. பதினாறாம் நாள் முடியாம அஞ்சலி பேனர எறக்குனா அந்த ஆத்மா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்? இன்னும் பதினோரு நாள்தான. எல்லாரும் பாத்துப் போனா ஆச்சு."

எல்லாரும் பார்த்துப் போனால் ஆச்சு! பார்ப்பதற்குத்தானடா கண்ணாடி வைத்தது, அதைத்தானடா மறைத்துவிட்டீர்கள் என்று நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேலும் வந்தது. 'என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது, அவருக்கு அந்தக் கண்ணாடியை விட்டால் வேறு வழியில்லை' என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எடுத்திருப்பான். பத்தாவது நிமிடம் ஆலை முழுக்கச் செய்தி போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு வந்தேன். பேனர் எடுக்கிற வேலையில் இருக்கிற ஒருவரைக் கடையில் பார்த்துக் கேட்டேன். "கட்சி பேனர்னா எடுத்துடுவம் மேடம். கருமாதி பேனர்ல கை வெச்சா ஊரே சேந்து உதைக்கும்" என்று கும்பிட்டுவிட்டு, எடுத்த ஜெராக்ஸைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

வீட்டில் அவரிடம் சொன்னால்? சொன்னேன். முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, சொன்னேன். "கண்ணாடி இல்லன்னா என்ன, எனக்குக் கண்ணு இல்லியா? நான் பாத்துதான் போறன்" என்றார். லாரிக்காரன் ரோட்டைவிட்டு இறங்கிய கதையைச் சொன்னதற்கு, "எந்த லாரி?" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது?

வியாழக்கிழமையிலிருந்து குப்பை கொட்டப் போகிற மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் எக்ஸெல் பின்னாலேயே முக்குவரை போனேன். அவர் முனையில் நின்று கிளம்புவதற்குள் ஓட்டமாகப் போய்ச் சுவர் ஓரம் நின்று எட்டிப் பார்ப்பேன். நகர் நலச்சங்கச் செயலாளர், தினமும் காலை ஏழே முக்காலுக்குக் காலி வாளியோடு மெயின் ரோட்டில். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சனிக்கிழமை ஒரு டிப்பர் ஒரு முழம் இடைவெளியில் பிரேக் அடித்து நின்றது. டயர் தேய்ந்த நாற்றம் எனக்கு அடித்தது. டிரைவர் இறங்கி என் வீட்டுக்காரரின் அம்மாவரை இழுத்துத் திட்டினான். இவர் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார், சட்டைக் காலர்கூட அசையவில்லை. நான் வாளியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஊரே கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், வீட்டிலிருந்து ஸ்டூலையும் துணி வெட்டும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒளிந்து செய்யவில்லை, பட்டப்பகலில்தான் செய்தேன். முழுப் பேனரையும் அவிழ்க்கத்தான் போனேன், ஆனால் கட்டுக்கம்பி என் கைக்கு மசியவில்லை. பஞ்சவர்ணம் மீந்த கீரையோடு மரத்தடியில் இருந்தாள். வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தங்கச்சி, செத்தவரு மொகம்."

"பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறன். நீ கெட்டியா புடி."

பேசவும் செய்தேன். 'மன்னிச்சுக்குங்க பெரியப்பா, உங்களுக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி விளிம்பைப் பின்னால் தடவிப் பார்த்து, அதைச் சுற்றி வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன். முகம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதை மடிக்க மனசு வரவில்லை. பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ரோட்டைத் தாண்டித் தெரு முனைக்கு வந்து திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. மேலே கண்ணீர் அஞ்சலி. பூமாலை அப்படியே இருக்கிறது. நடுவில் வட்டமாகக் கண்ணாடி. அதற்குள் ரோடு, வேப்பமரம், நட்ட நடுவில் ஸ்டூலும் கையுமாகச் சின்னதாக நான். எனக்குக் கீழே, மறைவு என்று தேதி.

"ஆத்தாடி!" என்று பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அதில் தெரிந்தாள்.

அன்று சாயங்காலம் நகரிலிருந்து வெளியே போன ஒவ்வொருவரும் தெரு முனையில் நிமிர்ந்தார்கள், தங்களையே அந்த மாலைக்குள் பார்த்தார்கள், பிரேக் அடித்தார்கள். காது கிழிய பைக் ஓட்டும் இரண்டு காலேஜ் பையன்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்கள். மெதுவாகப் போங்கள் என்று நான் குரூப்பில் எழுதாத நாளில்லை. அதையெல்லாம் ஒரு ஓட்டை செய்துவிட்டது.

குரூப் பற்றிக்கொண்டது. இந்தத் தடவை எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். செயலாளர் ராஜினாமா செய்ய வேண்டும். இறந்தவரை அவமானப்படுத்தியவரை ஒதுக்கி வைக்க வேண்டும். போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அறுபத்து மூன்று ஓம் சாந்திகளும் ஒரே நாளில் சாந்தியை விட்டுவிட்டன. என் வீட்டுக்காரர் அந்தக் குரூப்பில் இல்லை, ஞாயிறு முழுக்கப் படுத்துத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முக்குக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள். போனேன். இருபது பேர் இருந்தார்கள். நடுவில் ராஜராஜன், பக்கத்தில் சரத்குமார். சுருட்டிய முகத்தை ராஜராஜன் கையில் கொடுத்தேன். அவன் விரித்துப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்குவதுபோல வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான்.

"ஏன்க்கா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சரத்குமார் அவனுக்கும் சேர்த்துக் கத்தினான்.

"பதினாறு நாள் பொறுக்க முடியாத அளவுக்கு அப்பிடி என்னக்கா அவசரம்? இந்த ஊர்ல வேற யாருக்கும் இல்லாத அவசரம்? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!"

சொல்லலாம். ஒரே வரிதான். வாய்வரை வந்த வரியை மென்று முழுங்கிக்கொண்டு, மரம் மாதிரி நின்றேன். யாரோ திமிர் என்றார்கள்.

அப்போது தெருவுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் எக்ஸெல்லில் வந்தார். கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, முனையில் வந்து நின்றார். நேராக மேலே கண்ணாடியைத்தான் பார்த்தார். டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன, காலை ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஸ்கூல் வேன் வந்தது. ஓரமாகப் போகச் சொல்லி ஹாரன் அடித்தது. கூட்டம் ஒதுங்கியது. இவர் ஒதுங்கவில்லை. டிரைவர் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தார். வேனுக்குள் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவர் முதுகில் ஒரு அசைவு இல்லை. இருபது பேரும் அவரையே பார்த்தார்கள்.

சரத்குமார் முன்னால் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றான். "என்னண்ணே, செவிடா நீங்க?"

கோபத்தில் கேட்டதுதான், அவன் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவர் அவன் வாயைப் பார்த்துவிட்டார். பேனரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். ராஜராஜன் கையில் இருந்த சுருளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். எக்ஸெல்லை ஆஃப் செய்துவிட்டு இறங்கினார்.

"ஆமா சரத்து. செவிடுதான்" என்றார். தன் சத்தம் தனக்குத் தெரியாததால் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். அன்றைக்கு முக்கு முழுக்கக் கேட்டது. "ரெண்டு காதும் போயி ரொம்ப நாளாச்சி. எனக்கு ஆரனு கிடையாது, விசிலு கிடையாது. இந்தக் கண்ணாடிதான். கண்டக்டருக்குத் தெரியும், கைய காட்டிதான் என்னய அனுப்புவாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்குனது நான். அவளத் திட்டாதீங்க." "ஆலைக்கு நீ போயிச் சொல்ல வேணாம். இப்ப நானே போயிச் சொல்லிடறன்."

வண்டியைக் கிளப்பி, கண்ணாடியைப் பார்த்து, ரோடு காலியானதும் போய்விட்டார். வேன் டிரைவர் ஹாரனை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

"அப்பா வூட்ல ஒரு வார்த்த சொன்னதில்லியேக்கா" என்றான் ராஜராஜன்.

"சொல்ல மாட்டேன்னாரு. சொல்லல."

அவன் தலையை ஆட்டினான். பேனரை அவிழ்த்து மண்டபத்துச் சுவரில் கட்டச் சொன்னான். "ஓட்டையோடவா?" என்று சரத்குமார் கேட்டதற்கு, "ஓட்டையோடவே கட்டு" என்றான். கட்டினார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் எனக்கு ஒரு மன்னிப்பு வரவில்லை. ராஜினாமா கேட்டவர்கள் மதியமே தண்ணி எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார்கள். சொன்னேன், வேறு என்ன செய்வது?

சாயங்காலம் அவர் வந்தார். கை கால் கழுவினார், உட்கார்ந்தார். சாப்பாடு போட்டேன். யார்டு போய்விட்டது, டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரும்வரை ஸ்டோரில் உட்காரச் சொல்லிவிட்டார்கள் என்றார். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை வந்தால் மூன்று வருடத்தையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும் என்று அடுப்படியிலேயே நின்றேன்.

"வாளிய எடுத்துக்கிட்டு மூணு நாளா பின்னாடியே வந்தியே" என்றார்.

திடுக்கென்று ஆகிவிட்டது. "தெரியுமா?"

"எக்ஸெல் கண்ணாடில தெரிஞ்சுது. குப்பையில்லாத வாளிய எவ தூக்கிக்கிட்டு ஓடுவா? சரி, லாரி நிக்காம வந்திருந்தா என்ன பண்ணிருப்ப? கத்திருப்ப. எனக்குக் கேட்டிருக்குமா?"

மூன்று நாளும் அந்தச் சுவரோரம் நின்று நான் யோசித்ததே அதைத்தான். எத்தனை அடி ஓட வேண்டும், எந்தக் கணத்தில் ஓட வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"கேக்கறன்ல. என்ன பண்ணிருப்ப?"

பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னேன், "குறுக்க விழுந்திருப்பன்."

"திரும்பிச் சொல்லு. வாயி தெரியல."

திரும்பினேன். அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, மறுபடி சொன்னேன். குரல் வரவில்லை. அவருக்குக் குரல் தேவைப்படவில்லை.

மீந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார், "நாளைக்கு லீவு போடறன். காலைல திருச்சிக்கு ரயிலு எத்தன மணிக்கு?"

அவர் தலையை நிமிர்த்தும்வரை காத்திருந்து, ஆறு என்று விரலைக் காட்டினேன்.